கோலுக்கு நின்ற தளவாய்

அந்தத் தை மாதம் திருநெல்வேலி டவுனில் நாலு பேர் கூடின இடத்தில் எல்லாம் ஒரே பேச்சுத்தான். சனிக்கிழமை சாயங்காலம் பாளையங்கோட்டை மைதானத்தில் ஹைஸ்கூல்களுக்கான கால்பந்து வெள்ளிக் கேடயத்தின் கடைசி ஆட்டம். ஒரு பக்கம் பாதிரிமார் நடத்தும் மிஷன் பள்ளிக்கூடம். மறுபக்கம் டவுனில் சைவப் பிள்ளைமார் சேர்ந்து நடத்தும் அம்பலவாணர் ஹைஸ்கூல். கேடயம் வருஷா வருஷம் ஆற்றுக்கு அந்தக் கரையில், பாதிரியார் அலமாரியிலேயே இருந்து பழகிவிட்டது. இந்தத் தடவையாவது அது பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வருமா என்பதுதான் கேள்வி. பிசானப் பருவ நெல் கதிருக்குப் பொதி கட்டிவிட்டதா, அணையில் தண்ணீர் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்.

பந்தைக் கிட்டத்தில் பார்த்திராதவர்கள்தாம் அதிகமாகப் பேசினார்கள். கொக்கிரகுளத்துக் கச்சேரி மரத்தடியில் வக்கீல்கள் வாதாடினார்கள். பேட்டை அரிசி மண்டிகளில் அண்ணாச்சிமார் வியாபாரத்தை விட்டுவிட்டு ஆட்டத்தை அளந்தார்கள். மிஷன் பள்ளியில் தானியேல் என்று ஒருவன் இருக்கிறான், இடது காலால் அடித்தால் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று அவனுக்கே தெரியாது என்றார்கள். நம் பக்கம் காப்டன் ஐயம்பெருமாள் இருக்கிறான், ஓட ஆரம்பித்தால் பிடிக்க ஆள் கிடையாது. ஆனால் நம் பிள்ளைகள் பருப்பும் நெய்யும் தின்று வளர்ந்தவர்கள். இடைவேளைக்கு அப்புறம் மூச்சு வாங்கும். அப்போது தானியேல் வந்து வந்து அடிப்பான். எங்கே சுற்றினாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். கோலுக்குத் தளவாய் நிற்கிறானா? நிற்கிறான். அப்படியானால் பயமில்லை.

தளவாய் என்கிற அந்தப் பையனுக்கு, பையன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது, வயது இருபத்தொன்று. பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்தில் அவனுக்கு இது மூன்றாவது வருஷம். கூடப் படித்தவர்கள் காலேஜுக்கும் தாலுகா கச்சேரிக்கும் போய்விட்டார்கள். இவன் மட்டும் அதே பெஞ்சில், மீசை அரும்பாத பிள்ளைகளுக்கு நடுவில், முழங்காலை மடக்க இடம் இல்லாமல் உட்கார்ந்திருந்தான். சின்னப் பாரத்துப் பிள்ளைகள் அவனை 'ஆறாம் பாரத்துத் தாத்தா' என்று கூப்பிடும். அவன் சிரித்துக்கொள்வான். சிரிக்காமல் என்ன செய்வது? அந்தக் கேடயப் போட்டிக்கு வயது வரம்பு என்று ஒன்று யாரும் வைத்திருக்கவில்லை.

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் வெள்ளாங்கரை என்கிற ஊர் அவனுடையது. அப்பா காசிலிங்கம், தில்லைநாயகம் பிள்ளையின் வயலில் பண்ணையாள். தில்லைநாயகம் பிள்ளை யார் என்றால், அம்பலவாணர் ஹைஸ்கூலின் காரியதரிசி. பள்ளிக்கூடத்துக்கு அவர் வைத்ததுதான் சட்டம். ஒரு அறுப்புக் காலத்தில் பிள்ளைவாள் களத்துக்கு வந்தபோது, வைக்கோல் படப்பின் உச்சியில் பன்னிரண்டு வயதுத் தளவாய் நின்றுகொண்டிருந்தான். கீழேயிருந்து ஆட்கள் வீசிய கட்டுகளை ஒன்றுவிடாமல் பிடித்து அடுக்கிக்கொண்டிருந்தான். எந்தப் பக்கம் வீசினாலும் கை அங்கே இருந்தது. பிள்ளைவாள் குடையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். பையன் திண்ணைப் பள்ளியில் நாலு எழுத்தும் படித்திருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் அவருக்கு இரக்கம் பொங்கிவிட்டது. சம்பளம் இல்லாமல் டவுனில் படிக்க வைக்கிறேன் என்று சொல்லிக் கையோடு கூட்டிப்போனார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சாய்ப்புக் கொட்டகையில் படுக்கை. சாப்பாடு பிள்ளைவாள் வீட்டுப் பின்கட்டிலிருந்து. பண்ணையாள் மகனைப் படிக்க வைக்கிற தர்மவான் என்று டவுன் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

தர்மத்துக்குக் காரணம் தோல். பந்து மாட்டுத் தோலில் தைத்தது. அம்பலவாணர் பள்ளியில் படித்த பிள்ளைகளின் வீடுகளிலோ முட்டை என்ற சொல்லைக்கூட மெல்லத்தான் சொல்வார்கள். அந்தப் பந்தை வீட்டுப் பிள்ளைகள் தொடலாமா என்று ஆரம்பத்தில் பெரிய விவகாரமே நடந்தது. தில்லைநாயகம் பிள்ளைதான் தீர்ப்புச் சொன்னார். காலில் செருப்புப் போடுகிறோம், கையிலா போடுகிறோம்? ஆகவே காலால் உதைப்பதில் குற்றமில்லை, கையால் தொடுவதுதான் தீட்டு. சபை ஒத்துக்கொண்டது. பிள்ளைகள் உதைத்தார்கள். ஆட்டம் முடிந்ததும் குறுக்குத்துறையில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத்தான் வீட்டு வாசலை மிதிப்பார்கள். பந்து கோட்டுக்கு வெளியே போய், கையால் எடுத்து வீச வேண்டி வந்தால், துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, செத்த எலியை எடுப்பதுபோல எடுத்து வீசுவார்கள். மிஷன் பள்ளிப் பையன்கள் கோட்டோரமாக நின்று விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஆனால் கோல் காக்கிறவன் துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்க முடியாது. அவனுக்கு வெறும் கை வேண்டும். அந்தக் கை தளவாயின் கை. பந்துக்குக் காற்றடிப்பது, வாயைத் தைத்துக் கட்டுவது, எண்ணெய் போட்டுத் துடைப்பது எல்லாம் அவன் பாடு. ஒரு தடவை அவன் காய்ச்சலில் கிடந்தபோது ஐயம்பெருமாள் கோலுக்கு நின்று பார்த்தான். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வருகிற பந்தை எல்லாம் காலால் தடுத்தான். அன்றைக்கு விழுந்த கோல்களை எண்ணுகிறதை டவுன்காரர்கள் பாதியில் விட்டுவிட்டார்கள்.

தளவாய்க்கு ஆட்டம் பிடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் நெஞ்சில் இருந்தது பரீட்சை. ஆறாம் பாரம் படித்த எல்லாரும் சர்க்கார் பரீட்சைக்கு உட்கார்ந்துவிட முடியாது. பள்ளிக்கூடத்திலேயே முதலில் ஒரு பரீட்சை வைத்து, தேறுவான் என்று தோன்றுகிறவனை மட்டும் ஹெட்மாஸ்டர் அனுப்புவார். அதில் எடுத்த மார்க்கை யாருக்கும் சொல்வதில்லை. முதல் வருஷம் ஹெட்மாஸ்டர் தாணுமாலையம் பிள்ளை அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இங்கிலீஷில் நீ தேறவில்லை என்றார். இரண்டாம் வருஷமும் அதையே சொன்னார். தளவாய் இங்கிலீஷ் இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தான். சாய்ப்பில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தான், ஆற்றில் குளிக்கும்போது படித்தான், கோலில் நிற்கும்போது பந்து அந்தக் கோடியில் இருந்தால் முணுமுணுத்துக்கொண்டே நின்றான். தன் மண்டையில் களிமண்தான் இருக்கிறது என்று அவன் நிச்சயமாக நம்பிவிட்டான்.

பரீட்சை தேறிவிட்டால் தாலுகா கச்சேரியில் எழுத்து வேலை கிடைக்கும்; அப்பா பிறத்தியார் வயலில் குனிய வேண்டாம். மாமன் மகள் மாரித்தாய் இவனுக்கென்று பேசி வைத்திருந்த பெண். பாஸ் பண்ணிவிட்டு வா, தாலி கட்டலாம் என்று மாமன் சொல்லியிருந்தார். ஒரு வருஷம் காத்திருந்தார். இரண்டாம் வருஷமும் இவன் தேறவில்லை என்றதும், வயசுப் பெண்ணை எத்தனை நாள் வைத்திருப்பது என்று போன ஆவணியில் தூத்துக்குடி மில்லில் வேலை பார்க்கிற ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார். தளவாய் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தி பரிமாறினான். மாரித்தாய் இலைக்கு அவன் சோறு வைத்தபோது அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மண்டு என்று நினைத்திருப்பாள், அவள்மேல் என்ன குற்றம் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

இந்த வருஷப் பரீட்சை மார்கழியிலேயே முடிந்துவிட்டது. ஆட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமை, யார் யார் சர்க்கார் பரீட்சைக்குப் போகலாம் என்று ஹெட்மாஸ்டர் சொல்வார். இந்தத் தடவை நன்றாக எழுதியிருக்கிறோம் என்று தளவாய்க்கு ஒரு நம்பிக்கை. ஊரெல்லாம் சனிக்கிழமைக்குக் காத்திருந்தது. அவன் திங்கட்கிழமைக்குக் காத்திருந்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் தில்லைநாயகம் பிள்ளை வீட்டில் ஆட்டக்காரர்களுக்கு விருந்து. பத்துப் பேருக்குப் பட்டாசாலைக் கூடத்தில் இலை போட்டார்கள். தளவாய்க்கு வழக்கம்போல மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில். ஆனால் சொதியும் பாயசமும் ஒரே அடுப்பில் வெந்ததுதான், அதில் ஒன்றும் வஞ்சகம் இல்லை. சாப்பாடு முடிந்ததும் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்த ஒரு வக்கீல் அந்தக் கோல்காரனைப் பார்க்க வேண்டும் என்றார். தளவாயைக் கூப்பிட்டு முற்றத்தில் நிறுத்தினார்கள். பெரியவர்கள் கூடத்து ஊஞ்சலிலும் பெஞ்சியிலும் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கையை நீட்டு என்றார்கள், நீட்டினான். திருப்பு என்றார்கள், திருப்பினான். வக்கீல் சந்தையில் காளையைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஆள் வாட்டசாட்டமாக இருக்கிறானே, இவனுக்கு இன்னுமா பள்ளிக்கூடம் முடியவில்லை என்று கேட்டார்.

தில்லைநாயகம் பிள்ளை பெருமையாகச் சிரித்தார். "முடிஞ்சா நாம எங்கன போறது வே? போன வருசம், அதுக்கு முந்தின வருசம், ரெண்டு தடவையும் இவன் நல்ல மார்க்குதான் வாங்கினான். நான்தான் தாணுமாலையன்கிட்டச் சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன். இவனை விட்டுட்டா தோலைத் தொட நம்மள்ல யாரு இருக்கா?"

கூடம் முழுவதும் சிரித்தது. என்ன யோசனை, என்ன யோசனை என்று வக்கீல் தலையை ஆட்டினார். இதை மறைக்க வேண்டிய ஒரு காரியமாகக்கூடப் பிள்ளைவாள் நினைக்கவில்லை என்பதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. பையன் காதில் விழுகிறதே என்று குரலையாவது தாழ்த்தியிருக்கலாம். அவருக்கு அது புகழ்ச்சி. இவ்வளவு உசத்தியான சாமானை விற்காமல் வைத்திருக்கிறேன் என்று ஒரு வியாபாரி சொல்வதுபோலச் சொன்னார். தளவாய் நீட்டிய கையை மடக்கவில்லை. மடக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவன் ஹெட்மாஸ்டர் வீட்டு வாசலில் போய் நின்றான். தாணுமாலையம் பிள்ளை கெட்டவர் இல்லை. காரியதரிசி தும்மினால் தனக்கு ஜலதோஷம் பிடிக்கிற ஜாதி. திங்கட்கிழமை என் பெயரைச் சொல்வீர்களா என்று தளவாய் கேட்டதும் அவர் முகத்தைப் பார்க்காமல் தூணைப் பார்த்துப் பேசினார்.

"நீ நல்லாத்தான் எழுதியிருக்கே. என் கையில என்னலே இருக்கு? கேடயம் வந்துட்டா அடுத்த வருசம் அதைக் காப்பாத்த ஆள் வேணும்பாவ. வராட்டா அதை வாங்க ஆள் வேணும்பாவ. பைய இருந்து பாரு."

ஜெயித்தாலும் இங்கேதான், தோற்றாலும் இங்கேதான். தளவாய் அங்கிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போய் அம்பாசமுத்திரம் ரயிலில் ஏறிச் சேரன்மகாதேவியில் இறங்கினான். அப்பாவிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு ஒரே அவசரமாக இருந்தது. நான் முட்டாள் இல்லை. இரண்டு தடவையும் நான் தேறினேன். உன் மகன் தோற்கவில்லை. வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். அதைக் கேட்டால் அப்பாவின் முகம் எப்படி மாறும் என்று நினைத்தபோது, இத்தனை அக்கிரமத்திலும் அவனுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

காசிலிங்கம் வாய்க்கால் மடையில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். வயல் பொதி கட்டிப் பச்சையாகக் கிடந்தது. தளவாய் வரப்பிலேயே நின்று எல்லாவற்றையும் கொட்டினான். அப்பா மடையை அடைத்து, மண்ணை மிதித்து, மண்வெட்டியைக் கழுவினார். அப்புறந்தான் பேசினார்.

"தெரியும்லே."

தளவாய்க்கு முதலில் விளங்கவில்லை. என்ன தெரியும் என்றான்.

"மொத வருசமே அய்யா இங்கன வந்து சொன்னாவ. உம் மவன் நல்லாப் படிக்கான், ஆனா ஒரு வருசம் பள்ளிக்கூடத்துக்கு வேணும்னாவ. சரின்னேன். மறு வருசமும் கேட்டாவ. அவிய நெலத்துல நின்னுக்கிட்டு நான் என்னத்தச் சொல்லுவேன்?"

"மாமன்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா. மாரித்தாய்க்காவது தெரிஞ்சிருக்கும்லா."

"சொன்னா அது அய்யா காதுக்குப் போயிரும்."

அவ்வளவுதான். இரண்டு வருஷம் மகன் மண்டு என்று ஊர் பேசியதை அந்த மனிதர் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மாரித்தாய் கல்யாணத்தில் மகன் பந்தி பரிமாறியதைப் பந்தலுக்குள் நின்று பார்த்திருக்கிறார். அவர்மேல் கோபப்படவும் தளவாய்க்கு முடியவில்லை. அந்த முதுகு எத்தனை வருஷமாகக் குனிந்தே கிடக்கிறது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவனுக்கு உலகத்தில் ஒருத்தரும் இல்லாமல் போனார்கள். அவன் புறப்படும்போது அப்பா பின்னாலேயே வந்தார். நாளைக்குப் போய் நின்றுவிடு, நெல் பொதி கட்டி நிற்கிறது, அறுப்புக்கு முந்தி என்னை வெளியே போகச் சொன்னால் நான் எங்கே போவேன் என்று கெஞ்சினார். தளவாய் சரி என்று தலையை ஆட்டினான்.

திரும்பும் ரயிலில் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. சனிக்கிழமை ஆட்டத்துக்குத் தலைமை தாங்கச் சென்னையிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வருகிறார், பள்ளிக்கூடங்களுக்கு எல்லாம் மேலான இன்ஸ்பெக்டர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் தில்லைநாயகம் பிள்ளை எம்மாத்திரம்? ஆட்டத்துக்கு முன்னால் அவர் வரிசையாக வந்து கை குலுக்குவார் என்று சொல்லியிருந்தார்கள். அப்போது சொல்லிவிட வேண்டும். இங்கிலீஷில் நாலே வாக்கியம். திருநெல்வேலி வந்து சேருகிற வரைக்கும் அந்த நாலு வாக்கியத்தையும் அவன் ஒரு சொல் பிசகாமல் அடுக்கி வைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை மத்தியானமே பாலம் நிறைந்துவிட்டது. குதிரை வண்டியும் மாட்டு வண்டியும் கால்நடையுமாக டவுனே ஆற்றைத் தாண்டிப் போயிற்று. மைதானத்தின் ஒரு பக்கம் சாமியானா போட்டு நாற்காலிகள் வைத்திருந்தார்கள். நடுவில் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர், ஒரு பக்கம் பாதிரியார், மறுபக்கம் ஜரிகைத் தலைப்பாகையோடு தில்லைநாயகம் பிள்ளை. மேசைமேல் கேடயம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது.

இன்ஸ்பெக்டர் இறங்கி வந்தார். ஒவ்வொரு பையனாகக் கை குலுக்கினார், பெயர் கேட்டார், எந்தப் பாரம் என்று கேட்டார். பிள்ளைவாளும் ஹெட்மாஸ்டரும் பின்னாலேயே வந்தார்கள். கடைசியில் தளவாய். எந்தப் பாரம் என்று அவனையும் கேட்டார். தளவாய் நிமிர்ந்து நின்று, திக்காமல் திணறாமல் நல்ல இங்கிலீஷில் சொன்னான். ஆறாம் பாரம் ஐயா, மூன்றாவது வருஷமாக. நான் இரண்டு முறையும் தேறினேன். கோல் காக்க வேறு ஆள் இல்லை என்று பரீட்சைக்கு அனுப்பாமல் என்னை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து என்னை இந்த வருஷம் பரீட்சை எழுத விட வேண்டும்.

ஹெட்மாஸ்டர் முகத்தில் ஈ ஆடவில்லை. தில்லைநாயகம் பிள்ளை ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். இன்ஸ்பெக்டர் தளவாயையே ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அவர் படித்த பள்ளிக்கூடத்திலும் இப்படி ஒருவன் இருந்தானாம், ஆட்டத்துக்காகவே வருஷக்கணக்கில் இருந்தானாம். தளவாயின் தோளில் ஓங்கித் தட்டி, நல்ல வேடிக்கைக்காரன் நீ, இன்னும் ஒரு வருஷம் இருந்துவிடேன் என்றார். அவர் சிரித்தது கண்டு பிள்ளைவாளுக்கு மூச்சு வந்தது. அவரும் சிரித்தார். ஹெட்மாஸ்டரும் சிரித்தார். என்ன சொன்னார் துரை என்று சாமியானாவில் கேட்டார்கள். அது வாய்க்கு வாய் போய், கொஞ்ச நேரத்தில் மைதானமே சிரித்தது.

விசில் ஊதினார்கள். தளவாய் கோலுக்குப் போய் நின்றான். அப்பாவுக்குத் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறான் அல்லவா? வந்த பந்தை எல்லாம் பிடித்தான். டவுன்காரர்கள் கணக்குப் போட்டது சரியாகத்தான் இருந்தது. தானியேல் இடது காலால் அடிக்க, பந்து காற்றில் வளைந்து வந்தது. தளவாயின் கை அங்கே இருந்தது. ஜனம் ஆர்ப்பரித்தது. சாமியானாவிலிருந்து யாரோ ஒரு வக்கீல், "இன்னும் ஒரு வருசம்!" என்று கத்தினார். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அடுத்த பந்தைப் பிடித்தான். இப்போது நாலைந்து பேர் சேர்ந்து கத்தினார்கள். அதற்கடுத்த பந்தை அவன் தரையில் விழுந்து பிடித்து எழுந்தபோது பெஞ்சியில் இருந்தவர்கள், நின்றவர்கள், வேலிமேல் ஏறியிருந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். அவனைச் சந்தோஷப்படுத்துகிறோம் என்றே நினைத்துக் கத்தினார்கள்.

தளவாய் பந்தை உதைக்கவில்லை. இரண்டு கையாலும் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்தான். கோலை விட்டு, கோட்டைத் தாண்டி, சாமியானாவைப் பார்த்து நடந்தான். காயம் பட்டுவிட்டதாக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். தில்லைநாயகம் பிள்ளைகூட என்னமோ ஏதோ என்று நாற்காலியை விட்டு எழுந்தார். மூன்று முழத் தூரத்தில் நின்று தளவாய் அவர் நெஞ்சுக்கு நேராகப் பந்தை வீசினான்.

பிள்ளைவாள் பிடித்துவிட்டார். யோசிக்க எங்கே நேரம்? நெஞ்சுக்கு வந்த பந்தை மனிதக் கை பிடிக்கத்தானே செய்யும்? இரண்டு கையையும் கூட்டி, விரல்களை விரித்து, அழகாகப் பிடித்தார். ஐந்து விரலிலும் மோதிரம். மாட்டுத் தோல் அந்த மோதிரங்களுக்கு நடுவில் புழுதி அப்பி இருந்தது. மைதானம் பூராவும் அதைப் பார்த்தது.

"பிடிக்கத்தான் தெரியுதுல்லாய்யா," என்றான் தளவாய். "இனிமே நீங்களே நில்லுங்க."

திரும்பிப் பார்க்காமல் ஜனத்துக்குள் நுழைந்து போய்விட்டான். பிறகு ஐயம்பெருமாள்தான் கோலுக்கு நின்றான், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. கேடயம் பாதிரியார் அலமாரிக்கே திரும்பிப் போயிற்று. பிள்ளைவாள் ஆட்டம் முடிகிறவரை இருக்கவில்லை. வண்டியை நேரே குறுக்குத்துறைக்கு விடச் சொல்லி, ஜரிகைத் தலைப்பாகையோடு ஆற்றில் இறங்கி முழுகினார். பிறகு வீட்டில் தீட்டுக் கழிக்கப் புண்ணியாகவாசனம் நடந்தது.

அன்று ராத்திரியே தளவாயைப் பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். மூன்று வருஷம் அவனை வெளியே விடாத பள்ளிக்கூடம் அது. பெரியவர்களை அவமதித்தவன் என்று சொல்லி நீக்கியதால் வேறு பள்ளிக்கூடமும் அவனைச் சேர்க்கவில்லை. அவன் பரீட்சை எழுதவே இல்லை. வெள்ளாங்கரையில் அறுப்புக்கு முந்தியே காசிலிங்கத்தை வயலை விட்டு இறங்கச் சொன்னார்கள். அவர் தண்ணீர் பாய்ச்சிய நெல்லை வேறு ஆட்கள் அறுத்தார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு தளவாய் தூத்துக்குடிக்குப் போய், துறைமுகத்தில் பஞ்சுப் பொதி தூக்கினான். பொதிகளின்மேல் இங்கிலீஷில் எழுதியிருந்ததை மற்ற கூலியாட்களுக்குப் படித்துச் சொல்வான். மாரித்தாய் அதே ஊரில்தான் இருந்தாள். அவளிடமும் மாமனிடமும் போய் உண்மையைச் சொல்லலாம் என்று சில நாள் தோன்றும். இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டான். அப்பா கண்ணை மூடியபிறகு கொழும்புக் கப்பலில் ஏறிவிட்டதாகச் சொன்னார்கள்.

டவுனில் வெகுகாலம் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். மிஷன்காரர்கள் பணம் கொடுத்து அவனை வாங்கிவிட்டார்கள் என்றார்கள். இல்லை, அவன் முன்னமே கிறிஸ்துவ வேதத்தில் சேர்ந்துவிட்டான், பாதிரியார் பெண் பார்த்து வைத்திருந்தார் என்றார்கள். சோறு போட்டுப் படிக்க வைத்த கைக்கே தீட்டைக் கொடுத்தானே பாவி என்று பெண்டுகள் கரித்துக் கொட்டினார்கள். பரீட்சையைப் பற்றி ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை.

அந்த ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது தில்லைநாயகம் பிள்ளை தம் வேறொரு வயலிலிருந்து ஒரு பண்ணையாள் மகனைக் கூட்டிவந்து சேர்த்தார். சம்பளம் கிடையாது, அதே சாய்ப்பில் படுக்கை. நீண்ட கைகள் உள்ள பையன். படிப்பிலும் கெட்டிக்காரன் என்று கேள்வி.